காலேஜா, பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா? தமிழ்நாட்டின் அரசு உயர்கல்வி, தொழிற்பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்வு முடிவு வரும் மே மாதம் தொடங்கி கல்லூரிகள் திறக்கும்வரை திரும்பத் திரும்ப என் காதில் விழும் சந்தேகங்கள் இவை. பெற்றோர், மாணவர்கள், சில நேரம் சிறு பட்டறை நடத்துபவர்கள், கௌரவ விரிவுரையாளர்கள் என்று பலரும் கேட்பதுண்டு. அவரவர் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். பணமும் தேதியும் சம்பந்தப்பட்ட விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றை மட்டும் சேரும் ஆண்டின் அறிவிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1. காலேஜ், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எல்லாம் ஒரே டிபார்ட்மென்ட்தானே சார்?

இல்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகள் கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகின்றன. பாலிடெக்னிக்குகளும் அரசு பொறியியல் கல்லூரிகளும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ். இந்த இரண்டு இயக்ககங்களும் உயர்கல்வித் துறையைச் சேர்ந்தவை. தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ. அங்கே இல்லை; அது தொழிலாளர் நலத்துறையின் கீழுள்ள வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையிடம் இருக்கிறது. வேளாண் படிப்பு வேளாண்மைத் துறை, மருத்துவம், நர்சிங் சுகாதாரத் துறை, சட்டம் சட்டத்துறை.

ஒரு குடும்பத்தில் அக்கா பி.எஸ்சி., தம்பி ஐ.டி.ஐ. என்றால் இரண்டு பேருக்கும் இரண்டு துறை, இரண்டு விண்ணப்பத் தளம், இரண்டு காலக்கெடு. கல்லூரி விண்ணப்பம் போட்டுவிட்டு ஐ.டி.ஐ. தேதியைத் தவறவிடும் பிள்ளைகளுக்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியம் இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

2. நான் முதல்வன்னா அது ஒரு காலேஜா, கோர்ஸா?

இரண்டும் இல்லை, அது ஒரு திட்டம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்டது. நடத்துவது தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். பள்ளியில் படிப்பவர்களுக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்ற வழிகாட்டல் கிடைக்கும். கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் படிப்பவர்களுக்குப் பாடத்திட்டத்தோடு சேர்த்து மென்பொருள், வடிவமைப்பு, வங்கி, உற்பத்தி என்று துறை சார்ந்த பயிற்சி தருகிறார்கள்.

இதற்கெனத் தனியாக எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. உங்கள் கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், அவரைப் பிடியுங்கள். ஒரு விஷயம் மட்டும்: பல மாணவர்கள் வருகைப் பதிவுக்காக உட்கார்ந்துவிட்டு சான்றிதழ் வாங்கிப் போகிறார்கள். அந்தச் சான்றிதழை நம்பி இண்டர்வியூ போனால், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஒரே ஒரு கோர்ஸ் எடுத்தாலும் அதில் கைவைத்துச் செய்து பாருங்கள்.

3. பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா தர்றாங்களாமே, எல்லாருக்கும் உண்டா? பசங்களுக்கு?

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, உயர்கல்வியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. 2024 டிசம்பரிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களையும் சேர்த்தார்கள். ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9இல் கோவையில் தொடங்கியது. பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ சேர்ந்தவர்களுக்கும் இது உண்டு. தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கு இல்லை.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமண உதவியாகக் கொடுத்துவந்த திட்டம்தான் புதுமைப் பெண்ணாக மாறியது. தாலிக்குத் தங்கம் என்றிருந்த பணம் படிப்புக்குத் திரும்பியது மிக நல்ல முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பஸ் செலவு, தேர்வுக் கட்டணம் என்று வீட்டில் கை நீட்டாமல் ஒரு பெண் சமாளிக்க முடிவது சின்ன விஷயமல்ல. இந்தத் திட்டம் சமூக நலத்துறையுடையது. பணம் வரவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு, மாவட்ட சமூகநல அலுவலகத்துக்கும் போங்கள்.

4. ஐ.டி.ஐ. சேர்ந்துட்டா அதோட படிப்பு முடிஞ்சிடும்ல?

முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ., பி.டெக். படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அந்தச் சேர்க்கையைப் பல ஆண்டுகளாக நடத்திவருவது காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி. ஆக, பதினைந்து வயதில் ஃபிட்டர் டிரேடில் (தொழிற்பிரிவில்) சேரும் பையன் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம், டிப்ளமோவில் இரண்டு வருடம், இன்ஜினியரிங்கில் மூன்று வருடம் என்று 22 வயதில் பொறியாளர் ஆகிவிடலாம். பிளஸ் டூ வழியாகப் போகிறவனைவிட ஒரு வருடம்தான் கூடுதல். கையில் மூன்று சான்றிதழ் இருக்கும். நடுவில் எந்த இடத்தில் நின்றாலும் வேலை தேடத் தகுதி இருக்கும்.

பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழித்தேர்வுகளை மட்டும் எழுதித் தேர்ச்சி பெற்றால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று வாங்கவும் வழி இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் "மார்க் கம்மி, அதான் ஐ.டி.ஐ.ல போட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லும் அப்பாக்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

5. அங்க எல்லாம் பழைய மெஷின்தானே கெடக்கும்?

பல இடங்களில் அப்படித்தான் இருந்தது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதுப்பிக்கும் வேலையை அரசு எடுத்தது. 2023 ஜூலையில் ஒரகடத்தில் தொடங்கிவைத்தார்கள். ரோபோ, கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. எந்திரங்கள், மின்வாகனம் சார்ந்த கருவிகள் என்று புதிய கூடங்கள் வந்திருக்கின்றன.

அதனால் பழைய பாடம் வேண்டாம் என்று ஆகிவிடாது. ஃபிட்டர் டிரேடில் சேர்ந்த பையன் முதல் சில வாரங்கள் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவிக்கொண்டேதான் இருப்பான். ராவிய பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார் பயிற்றுநர். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் மறுபடி ராவ வேண்டும். பையன்களுக்கு இது சலிப்பாக இருக்கும். ஆனால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றால் என்ன என்பது விரலுக்குத் தெரியவருவது இங்கேதான். அது தெரிந்தவன் கையில் சி.என்.சி. எந்திரம் கிடைத்தால் அளவு தப்பும்போது உடனே பிடித்துவிடுவான். புது எந்திரம் வந்த இடங்களில் பார்க்க வேண்டியது, அதைச் சொல்லித்தரும் பயிற்றுநர் இருக்கிறாரா என்பதை. சேர்வதற்கு முன் ஒருநாள் போய், எந்த டிரேடுக்குப் பயிற்றுநர் இருக்கிறார், எதற்கு இல்லை என்று நேரில் கேளுங்கள்.

6. அப்ரண்டிஸ்னு கூப்பிட்டு வேலை வாங்கிட்டு அனுப்பிடுவாங்களா?

அப்படி நடக்கும் இடங்கள் உண்டு. அதனால்தான் "டிரெய்னி" வேறு, அப்ரண்டிஸ் வேறு என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அப்ரண்டிஸ் என்பது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருவது. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், ஆள்பலத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம்வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். உதவித்தொகைக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு, ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாகும், முடிவில் சான்றிதழ் வரும்.

ஆகவே முதல் நாளே கேட்க வேண்டியது: "ஒப்பந்தப் பதிவு எண் என்ன?" எண் இல்லை என்றால் அது வெறும் டிரெய்னி வேலை. டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு ஓராண்டு பழகுநர் பயிற்சியைத் தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியம் பார்த்துக்கொள்கிறது. அது மத்திய அரசு அமைப்பு. இன்ஜினியரிங் முடித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா இருக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருப்பதில்லை.

7. எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல பதிஞ்சு வெச்சா வேலை வருமா?

பதிந்துவையுங்கள், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். அரசு வேலைகளில் பெரும்பகுதி இன்று டி.என்.பி.எஸ்.சி., டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) போன்ற தேர்வுகள் வழியாகத்தான் போகிறது. அந்த அலுவலகங்களில் போட்டித் தேர்வுக்கான தன்னார்வப் பயிலும் வட்டங்கள் இலவசமாக நடக்கின்றன. அதற்காகவாவது ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

8. இன்ஜினியரிங் சேர என்ன பரீட்சை எழுதணும்? கவர்மெண்ட் ஸ்கூல் புள்ளைக்கு சலுகை இருக்கா?

தனிப் பரீட்சை இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மாநில நுழைவுத் தேர்வு போய்விட்டது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடும் கட்ஆஃப் மதிப்பெண்தான். கலந்தாய்வை முன்பு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது, 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, பொறியியல் முதலான படிப்புகளுக்கு 2021இல். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கட்ஆஃப் குறைவு என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடாதீர்கள். பொதுப் பட்டியலில் கிடைக்காத கல்லூரி இதில் கிடைக்கலாம்.

9. நம்ம ஊர்ல பாதிப் பேர் காலேஜ் போறாங்கன்னு பெருமையா சொல்றாங்க. அப்புறம் ஏன் வேலை இல்ல?

மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்திய அளவில் 28.4. அதாவது 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், அதில் 47 சதவீத அளவுக்கு மாணவர்கள் உயர்கல்வியில் இருக்கிறார்கள். இது உண்மையான சாதனை. பேருந்து போகும் தூரத்தில் கல்லூரி, ஊருக்கு ஊர் பள்ளி, மதிய உணவு, விடுதி, கட்டணச் சலுகை என்று பல பத்தாண்டுகள் பல ஆட்சிகள் செய்ததன் பலன்.

ஆனால் அந்த எண் சேர்ந்தவர்களைத்தான் எண்ணுகிறது. எத்தனை பேர் முடித்தார்கள், அரியர் இல்லாமல் முடித்தார்களா, என்ன வேலைக்குப் போனார்கள் என்பதை எண்ணுவதில்லை. ஐ.டி.ஐ. மாணவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஒரு மாநிலம் எதை எண்ணுகிறதோ அதைத்தான் வளர்க்கும். சேர்க்கையை எண்ணினோம், வளர்ந்தது. இனி முடித்தவர்களையும், முடித்து இரண்டு வருடம் கழித்து என்ன செய்கிறார்கள் என்பதையும் எண்ண வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

10. என் பொண்ணு சேர்ந்த அரசு காலேஜ்ல பாதிப் பாடத்துக்கு வாத்தியார் இல்லைங்கிறா. நெசமா?

பல இடங்களில் நிஜம். அரசு கலை அறிவியல் கல்லூரிகள் 170க்கும் மேல். புதுக் கல்லூரி அறிவிப்பு வேகமாக வருகிறது, நிரந்தர ஆசிரியர் நியமனம் அந்த வேகத்தில் வருவதில்லை. 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது, தேர்வு தள்ளிப்போனது. இடைவெளியைத் தாங்கிப்பிடிப்பவர்கள் நிரந்தரப் பணி இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள்.

பி.எச்டி.யும், நெட் அல்லது செட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வைத்துக்கொண்டு, காலை ஷிஃப்டுக்கும் மதிய ஷிஃப்டுக்கும் ஓடி, விடைத்தாள் திருத்தி, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது கோப்புகளையும் தயார்செய்பவர்கள் இவர்கள். 2023இல் இவர்களுக்கு மாத ஊதியம் 20,000லிருந்து 25,000 ஆக்கப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2019இல் சொன்னது வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை. மே மாதத்துச் சம்பளம் வருமா வராதா என்று ஒவ்வொரு ஆண்டும் கேட்கவேண்டிய நிலையில் ஒருவரை வைத்துக்கொண்டு, மாணவர்களின் எதிர்காலத்தைப் பற்றி அவர் நிம்மதியாக யோசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. உயர்கல்வியை மாநில அளவில் வழிநடத்துபவர் எவராக இருந்தாலும் முதல் கையெழுத்து இந்தப் பணியிடங்களுக்காகத்தான் இருக்க வேண்டும். 2ஆம் பதிலில் சொன்ன திட்டமும், 5ஆம் பதிலில் சொன்ன எந்திரங்களும் ஆசிரியர் இருந்தால்தான் பயன்படும்.

11. சிலபஸ் யார் போடுறது? நாங்க கம்பெனிக்காரங்க, எங்களுக்கு வேணுங்கறத சேக்கக் கூடாதா?

பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகம், டிப்ளமோவுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், கலை அறிவியலுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம், தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் பாடக்குழு. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் என்று ஒன்று 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்தது. அது மாதிரிப் பாடத்திட்டம் தயாரித்து 2023இல் எல்லாக் கல்லூரிகளுக்கும் கொண்டுவர முயன்றது. தன்னாட்சிக் கல்லூரிகள் எதிர்த்தன. விருப்பப்பட்டால் ஏற்கலாம் என்று அரசு விளக்கம் தந்தது. பெயருக்குத் தன்னாட்சி கொடுத்துவிட்டு பாடத்தையும் மேலிருந்து அனுப்பினால் அதில் என்ன தன்னாட்சி இருக்கிறது? அந்த எதிர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன்.

பாடக்குழுவில் தொழில்துறைப் பிரதிநிதிக்கு ஏற்கெனவே இடம் உண்டு. கூட்டத்துக்கு வாருங்கள் என்பதுதான் உங்களிடம் என் வேண்டுகோள். வரும்போது இந்த வருடம் உங்களுக்குத் தேவைப்படும் மென்பொருளின் பெயரை மட்டும் கொண்டுவராதீர்கள். பையன் 40 வருடம் வேலை செய்யப்போகிறான், அந்த மென்பொருள் நாலு வருடத்தில் மாறிவிடும். உங்கள் பட்டறையில் என்ன தவறு அடிக்கடி நடக்கிறது, அதைப் பிடிக்க எது தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஓசூர், திருப்பூர், ஆம்பூர் மூன்றுக்கும் ஒரே பதில் இருக்காது. அதனால்தான் அந்தப் பேச்சு அந்தந்த ஊர்க் கல்லூரியில் நடக்க வேண்டும் என்கிறேன்.

12. துணைவேந்தரே இல்லாம யூனிவர்சிட்டி எப்படி நடக்குது? என் டிகிரி செல்லுமா?

செல்லும். துணைவேந்தர் இல்லாத காலத்தில் ஒரு ஒருங்கிணைப்புக் குழு அவர் பொறுப்பைப் பார்க்கும். பெரும்பாலும் உயர்கல்வித் துறைச் செயலாளர் அதற்குத் தலைமை தாங்குவார். சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு அப்படித்தான் போனது. பட்டத்துக்குச் சட்டத் தகுதி குறையாது.

இழப்பு வேறு இடத்தில். வேந்தரான ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் நடுவே, துணைவேந்தர் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் யு.ஜி.சி. பிரதிநிதி வேண்டுமா என்பது தொடங்கி வழக்கு போகிறது. நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் சட்டமுன்வடிவுகள் உட்பட பத்துக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8இல் தீர்ப்பளித்தது. மே 21இல் சென்னை உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனம் சம்பந்தப்பட்ட பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 20இல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னபோது, ஒப்புதல் கிடைத்ததாக நீதிமன்றம் கருதிக்கொள்ள முடியாது என்றது. இதற்கிடையில் ஆராய்ச்சி மாணவர்களின் கோப்பு, பேராசிரியர் நியமனம், புதுத் துறை தொடங்குவது எல்லாம் காத்திருக்கின்றன. செயலாளர் அன்றாடக் கோப்பைப் பார்க்கலாம், பத்து வருடம் முன்னால் யோசிப்பது அவர் வேலையாக இருக்க முடியாது.

13. கல்வி மாநிலத்தோடதுதானே? மத்திய அரசு ஏன் நடுவுல வருது?

1976இன் 42ஆவது அரசமைப்புத் திருத்தம் வரை மாநிலப் பட்டியலில் இருந்தது, அதன்பிறகு பொதுப் பட்டியலுக்குப் போனது. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது அதற்கு முன்பிருந்தே ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. யு.ஜி.சி., தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ. விதிகள் அந்த வழியாக வருபவை. 12ஆம் பதிலில் சொன்ன தகராறின் வேரும் இதுதான். கட்டடம், சம்பளம், உதவித்தொகை என்று செலவில் பெரும்பகுதியை மாநிலம் ஏற்கிறது. செலவு செய்பவருக்கு முடிவெடுப்பதிலும் கூடுதல் இடம் வேண்டும் என்பது என் கருத்து.

14. அப்போ எல்லாத்தையும் ஒரே துறையா ஆக்கிட்டா சரியாயிடுமா?

ஆகாது என்று நினைக்கிறேன். துறைகளை இணைத்தால் முதல் இரண்டு வருடம் பதவி உயர்வுப் பட்டியல் பற்றிய சண்டையிலேயே போய்விடும். எனக்குத் தேவையாகத் தெரிவது மாவட்ட அளவில் ஒரே மேசை. அந்த மாவட்டத்தின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கல்லூரி முதல்வர்கள், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலர், அங்குள்ள தொழில்கள் எல்லாம் அதில் உட்கார வேண்டும். நேரடி இரண்டாம் ஆண்டில் எத்தனை இடம் காலி, எந்த டிரேடுக்கு ஆள் கேட்டு யார் வந்தார்கள், நின்றுபோன மாணவர் யார் என்று பேச வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளியிலேயே ஓர் எண் இருக்கிறது. அதை ஐ.டி.ஐ., கல்லூரி வரை தொடர விட்டால் 9ஆம் பதிலில் கேட்ட கணக்கும் தானே கிடைத்துவிடும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

15. எம்பொண்ணு டிப்ளமோ முடிச்சு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போயிட்டா. இனிமே படிக்க முடியுமா? அங்க தங்க இடம் சரியா இருக்குமா?

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், அதனால் இந்தக் கேள்வி உங்களுடையது மட்டுமல்ல. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 706.50 கோடி ரூபாயில் மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் கட்டியது, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். தொழிலாளர் திறன் என்று பேசும்போது பாதுகாப்பான படுக்கையும் நல்ல சாப்பாடும் அதில் சேர வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவளுக்குத் தூங்க இடமில்லை என்றால் ஆறு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவாள், கற்ற வேலையும் போய்விடும்.

படிப்பு தொடரலாம். பட்டம் வேண்டுமென்றால் 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரலாம். வகுப்பு மையம் அவள் விடுதிக்குப் பக்கத்தில் எங்கே இருக்கிறது, வார விடுமுறையில் வகுப்பு நடக்குமா என்று முதலில் பாருங்கள். இன்ஜினியரிங் வேண்டுமென்றால் 4ஆம் பதிலில் சொன்ன நேரடி இரண்டாம் ஆண்டு வழி இருக்கிறது, ஆனால் அதற்கு வேலையை விட வேண்டிவரும். எதுவானாலும் அசல் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும். கம்பெனியில் கேட்டால் காட்டிவிட்டு நகலைக் கொடுத்தால் போதும், அசலை ஒப்படைக்க வேண்டாம்.